கமென்ட்ரிக்காரன் வாய் மூடின புதன்கிழமை

எங்க வார்டுல யாரும் கோபப்படக் கூடாது. வெளியில இருக்கிறவனுக்குக் கோபம் வந்தா அது கோபம். எங்களுக்கு வந்தா அது நோய். தட்டுல முடி கிடக்குன்னு ஒருத்தன் சத்தம் போட்டா, அன்னிக்குச் சாயங்காலமே அவனுக்கு ஒரு மாத்திரை கூடும். அதனால முடியை எடுத்து ஓரமா வச்சுட்டுச் சாப்பிட நான் பழகிட்டேன். எனக்குப் பிறவியிலேயே கோபம் ஜாஸ்தி. நான் பொறந்தப்ப அழலையாம், திட்டினேனாம், எங்க அக்கா சொல்லுவா. அப்படிப்பட்டவன் இத்தனை வருஷமா பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன்னா பாத்துக்கோங்க.

என்னை இங்க 'லிப்ட்டு'ன்னு கூப்பிடுவாங்க. வெளியில இருந்தப்ப நான் லிப்ட் மெக்கானிக். பழைய லிப்ட்டா இருந்தா, கதவைத் திறக்காமலே சத்தத்தை வச்சு என்ன கோளாறுன்னு சொல்லிடுவேன்.

இது சாதாரண மனநல ஆஸ்பத்திரி இல்ல, கோர்ட் அனுப்பி வச்ச ஆளுங்க வார்டு. "செஞ்சது இவன்தான், ஆனா செஞ்சப்ப இவன் புத்தி இவன்கிட்ட இல்ல"ன்னு கோர்ட் சொன்னா இங்க கொண்டு வந்து விடுவாங்க. ஜெயிலுக்குப் போறவனுக்காவது வெளிய வர ஒரு தேதி இருக்கும். எங்களுக்குத் தேதியெல்லாம் கிடையாது. 'சரியாயிட்டான்'னு போர்டு சொல்ற வரைக்கும் இங்கதான். போர்டுன்னா ஒரு ரிட்டயர்டான ஜட்ஜ் ஐயா, எங்க பெரிய டாக்டர், சமூக சேவை செய்ற ஒரு அம்மா. மூணு பேரும் ஒரு நீள மேஜைக்குப் பின்னாடி உக்காந்து நம்மளைப் பாப்பாங்க.

நான் செஞ்சதை ஒரே ஒரு தடவை சொல்றேன், திரும்பக் கேக்காதீங்க. எங்க அப்பாவை நான் கொன்னுட்டேன். கட்டில்ல படுத்திருக்கிறது அப்பா இல்ல, அப்பா மாதிரியே வேஷம் போட்டு வந்தவன்னு அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சுச்சு. தோணுச்சுன்னு சொல்ல மாட்டேன், தெரிஞ்சுச்சு. என் டூல் பாக்ஸ்ல பெரிய ஸ்பேனர் ஒண்ணு இருந்துச்சு. இங்க வந்து மாத்திரை உள்ள போகப் போகத்தான், கட்டில்ல இருந்தது அப்பாதான்னு புரிஞ்சுச்சு. அது புரிஞ்ச நாளைப் பத்தி நான் யார்கிட்டயும் பேசினதில்ல.

அக்காவுக்கும் அவர்தானே அப்பா. ஆரம்பத்துல அவ என்னைப் பாக்கவே வரல. வராததுதான் நியாயம்னு நானும் நினைச்சேன். அப்புறம் ஒரு நாள் வந்தா. எதிர்ல உக்காந்தா. ஒரு வார்த்தை பேசல. ரெண்டு பனியனும் ஒரு சோப்பும் இருந்த பையை மேஜை மேல வச்சுட்டுப் போயிட்டா. அடுத்த மாசமும் வந்தா. கொஞ்சம் கொஞ்சமா பேச ஆரம்பிச்சா, திட்ட ஆரம்பிச்சா. அவ திட்ட ஆரம்பிச்ச அன்னிக்குத்தான் எனக்கு உயிரே வந்துச்சு.

போன வருஷம் அவளே சொன்னா. "போர்டு விட்டா எங்க வீட்டுக்கு வந்துடு. பின்பக்க ரூம் சும்மாதான் கிடக்கு. மாமாகிட்ட பேசிட்டேன்." மாமான்னா அவ வீட்டுக்காரர். அவர் எவ்வளவு முரண்டு பிடிச்சிருப்பாருன்னு எனக்குத் தெரியாதா? காலேஜ் போற பொண்ணு இருக்கிற வீடு. ஆனாலும் அக்கா சம்மதிக்க வச்சுட்டா. ரூமுக்குச் சுண்ணாம்பு அடிச்சா, ஃபேன் மாட்டினா, கட்டிலுக்கு மெத்தை வாங்கிப் போட்டா. வெளியில எனக்குன்னு இருந்தது அந்த ஒரு ரூம்தான். பொறுப்பு எடுத்துக்கிறேன்னு சொல்ல ஆள் இல்லாதவனை போர்டு வெளிய விடாது.

அக்கா ஒவ்வொரு தடவை வரும்போதும் கிளம்புறதுக்கு முன்னாடி ஒண்ணு கேப்பா. "இப்ப அந்தச் சத்தமெல்லாம் இல்லையேடா?"

"இல்லவே இல்லக்கா. எப்பவோ போச்சு."

போகல. அதான் விஷயம்.

அவனுக்கு நான் வச்ச பேரு கமென்ட்ரிக்காரன். ரேடியோவுல மேட்ச் சொல்றவங்க இருக்காங்களே, அந்த மாதிரி கணீர்னு குரல். சுத்தமான தமிழ். "இதோ எழுந்திருக்கிறான். செருப்பைத் தேடுகிறான். கிடைக்கவில்லை. குனிந்து பார்க்கிறான். அடடா, கட்டிலுக்கு அடியில் இருக்கிறது." காலையில கண்ணைத் திறந்ததுல இருந்து தூங்குற வரைக்கும் இதே வேலை. அடி, குத்து, கொல்லுன்னு அவன் ஒரு நாளும் சொன்னதில்ல. அப்பா விஷயத்துல கூட அவன் வாயைத் திறக்கல, அது என் கண்ணு செஞ்ச சதி. மாத்திரையில மத்ததெல்லாம் போச்சு. வேஷக்காரன் பயம் போச்சு, கதவுக்குப் பின்னாடி ஆள் நிக்கிற பயம் போச்சு. இவன் மட்டும் வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி உக்காந்துட்டான்.

பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது கேப்பார். "குரல் ஏதாவது கேக்குதா?"

"இல்ல சார்."

"பொய் சொல்கிறான்," அப்படிம்பான் இவன் உள்ள இருந்து. சிரிப்பு வந்துடும். சிரிச்சா மாட்டிக்குவேன். தொண்டையைச் செருமிக்குவேன்.

நான் மட்டும் திருடன்னு நினைக்காதீங்க. வார்டுல முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். முன்னாடி தபால் டிபார்ட்மென்ட்ல இருந்த ஒருத்தர் இங்க இருக்கார், பாவம், பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "லேசா கேக்குது சார், ஆனா ஒரு தொந்தரவும் இல்ல"ன்னு போர்டுல சொல்லிட்டார். அவரோட சேர்ந்து போர்டுக்குப் போனவங்க எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு. அவர் இன்னும் ஜன்னலோரமா உக்காந்திருக்கார். அதைப் பாத்தப்புறம் எவனுக்காவது உண்மை பேசத் துணிச்சல் வருமா?

போர்டு வர்றதுக்குக் கொஞ்ச மாசம் இருக்கும்போது பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "எல்லாம் நல்லா இருக்கு. ஆனா நீ யாரோடயும் சேர மாட்டேங்கிற. ஏதாவது குழுவுல கலந்துக்க. போர்டு கேக்கும்."

தோட்ட வேலைக் குழுவை மண்வெட்டி பயத்துல எப்பவோ மூடிட்டாங்க. மிச்சம் இருந்தது பாட்டுக் குழு. ஒவ்வொரு புதன்கிழமையும் சாப்பாட்டு ஹால்ல மேஜைகளை ஓரமா தள்ளிட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமா போடுவாங்க. ஹால் பூரா பினாயில் வாசனையும் ஆறிப்போன சாப்பாட்டு வாசனையும். அதுக்கு நடுவுல பெரிய பையோட வந்து உக்காருவாங்க பாட்டு மிஸ். ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு, காத்தடிச்சா பறந்துடுவாங்க போல இருப்பாங்க. அப்ப வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்துச்சு.

மொத நாள் வாத்தியங்களைப் பாத்து நான் வாயை மூடிக்கிட்டுச் சிரிச்சேன். கம்பி இருக்கிற எதுவும் கூடாது, கழுத்தை நெரிச்சுக்குவோமாம். குச்சி கூடாது, குத்திக்குவோமாம். உலோகம் கூடவே கூடாது. மிஸ் கஞ்சிரா மாதிரி ஒண்ணு கொண்டு வந்திருந்தாங்க, சுத்தி வர சின்னச் சின்னத் தகடு வச்சது. செக்யூரிட்டி ஆபீசர் அத்தனை தகட்டையும் பிடுங்கி வச்சுக்கிட்டு வெறும் வளையத்தை மட்டும் உள்ள விட்டார். ஆட்டினா சத்தமே வராது. அதைத்தான் புரொஃபசர் கையில கொடுத்தாங்க.

புரொஃபசர் எந்தக் காலேஜுலயும் பாடம் எடுத்தவர் இல்ல. எதைப் பத்தியும் ஒரு மணி நேரம் பேசுவார், அதனால அந்தப் பேரு. சத்தம் வராத வளையத்தை ஆட்டிக்கிட்டே, "இதுதான் உயர்ந்த இசை, காதுக்கு எட்டாதது"ன்னு சொன்னார். அவருக்குப் பக்கத்துல சித்தப்பா. யாருக்குச் சித்தப்பான்னு யாருக்கும் தெரியாது. முன்னாடி லாரி ஓட்டினவர், மலை மாதிரி உடம்பு. அவருக்கு ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவுத்துக் கொடுத்தாங்க. "என்னம்மா, குளிக்கச் சொல்றீங்களா, தட்டச் சொல்றீங்களா?"ன்னு கேட்டார். எல்லாரும் சிரிச்சோம். மிஸ்ஸும் சிரிச்சாங்க.

"இங்க தப்புன்னு ஒண்ணும் கிடையாது," அப்படின்னாங்க. "எப்படித் தட்டினாலும் சரிதான்."

தப்புன்னு ஒண்ணும் கிடையாதுன்னு எங்ககிட்ட ஒருத்தர் சொன்னது அதான் முதல் தடவை. சித்தப்பா என்னைப் பாத்துக் கண்ணடிச்சார்.

ஒருத்தர் ஒரு தாளம் போடணும், மத்தவங்க அதையே திருப்பித் தட்டணும். அதான் அங்க வேலை. கடைசியில வட்டமா ஒவ்வொருத்தரும் எப்படி இருந்துச்சுன்னு சொல்லணும். அதுல எங்களுக்குள்ள ஒரு ஒப்பந்தம் மாதிரி. "நல்லா இருந்துச்சு மிஸ்." அடுத்தவர், "நல்லா இருந்துச்சு மிஸ்." அப்படியே சுத்தி வந்து முடியும். மிஸ் முகம் கொஞ்சம் வாடும். ஆனாலும் வாரா வாரம் கேட்டாங்க. அவங்க ஒருத்தர்தான் பதிலுக்காகக் கேட்டாங்கன்னு எனக்குத் தெரியும், இருந்தாலும் வாயைத் திறப்பேனா?

போர்டுக்கு முந்தின மாசம், ஒரு புதன்கிழமை. மிஸ் எங்கெங்கயோ நடந்து அனுமதி வாங்கி, நிஜத் தோல் கட்டின ஒரு பெரிய முரசு கொண்டு வந்தாங்க. கையால தட்டுறது. நேரா என் மடியில வச்சாங்க. "இன்னிக்கு நீங்க ஆரம்பிங்க."

எனக்குத் தாளமா தெரியும்? எனக்குத் தெரிஞ்சது லிப்ட்தான். பழைய லிப்ட் ஒண்ணு மேல போகும்போது ஒரு சத்தம் வரும். மோட்டார் இழுக்கும், ஒவ்வொரு மாடியையும் தாண்டும்போது ரிலேன்னு ஒரு சுவிட்ச் 'டக்'குனு விழும், மறுபடி இழுக்கும். அதை அப்படியே தட்டினேன். திம் திம் திம் திம் டக். சித்தப்பா வாளியில பிடிச்சுக்கிட்டார். புரொஃபசர் வளையத்தைத் தூக்கிப் போட்டுட்டுத் தொடையில தட்டினார். மிஸ் கையைத் தட்டினாங்க. வேகம் கூடுச்சு.

உள்ள இருந்து இவன் வழக்கம் போல ஆரம்பிச்சான். "இதோ தட்டுகிறான். வலது கை. இடது கை. வலது. இடது. வலது, வலது, இட…" நான் இன்னும் வேகமா தட்டினேன். "வல… இட… இப்பொழுது… மீண்டும்…" அவனால கூட ஓட முடியல. திக்கினான். மூச்சு வாங்கினான். அப்புறம் நின்னுட்டான்.

நின்னே போயிட்டான். நான் தட்டுறதை நிறுத்தின பிறகும் வரல. ஹால்ல ஃபேன் கரகரன்னு சுத்தறது கேட்டுச்சு. கை கழுவுற இடத்துல ஒரு குழாய் சொட்டறது கேட்டுச்சு. சித்தப்பா மூச்சு விடறது கேட்டுச்சு. நடுவுல யாரும் பேசாம, ஒரு சத்தத்தை அந்தச் சத்தமா மட்டும் நான் கேட்டு எத்தனை காலமாச்சு! எனக்குச் சந்தோஷம் தாங்கல. சின்ன வயசுல கூட அப்படி ஒரு சந்தோஷம் இருந்ததா நினைவில்ல. கண்ணுல தண்ணி கொட்டுது, துடைக்கக் கூடத் தோணல.

மிஸ் கேட்டாங்க. "எப்படி இருந்துச்சு?"

சித்தப்பா, "நல்லா இருந்துச்சு மிஸ்." புரொஃபசர், "நல்லா இருந்துச்சு மிஸ்." என் முறை. மூணு வார்த்தை. சொல்லிட்டு எழுந்து போயிருக்கலாம். நாக்குல சனி உக்காந்துச்சு.

"மிஸ், அவன் நிறுத்திட்டான் மிஸ்!"

"யாரு?"

"அந்தக் கமென்ட்ரிக்காரன் மிஸ். நாள் பூரா என்னைப் பத்திப் பேசிக்கிட்டே இருப்பான். என் தாளத்துக்கு அவனால ஈடு கொடுக்க முடியல. வாயை மூடிட்டான்! இப்பவும் பேசல, பாருங்க!"

பாருங்கன்னா எதைப் பாப்பாங்க? ஆனா எல்லாரும் என்னைப் பாத்தாங்க. சித்தப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டார். வாசல்ல நின்ன அட்டெண்டர் சாஞ்சிருந்தவர் நிமிந்தார். மிஸ் முகத்துல மட்டும் வெளிச்சம். கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. "எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா இது?"ன்னாங்க.

அன்னிக்கு வார்டுக்குத் திரும்புற வழியில சித்தப்பா என் பிடரியில ஒண்ணு வச்சார். "அறிவு கெட்டவனே! வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா? அடுத்த மாசம் போர்டுடா உனக்கு!"

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. கொஞ்ச நேரத்துல உள்ள இருந்து இவனும் வந்துட்டான், "கலங்கி நிற்கிறான்"னு.

அடுத்த புதன்கிழமை ஹால் காலியாகிற வரைக்கும் நின்னு மிஸ்கிட்ட பேசினேன். "மிஸ், அன்னிக்கு நான் சொன்னதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

அவங்களுக்கு நிஜமாவே புரியல. "ஏன்? இது நல்ல செய்தியாச்சே. இத்தனை வருஷமா மாத்திரையால முடியாததை நீங்களா செஞ்சிருக்கீங்க. உங்க நோயை நீங்களே புரிஞ்சுக்கிட்டுப் பேசறீங்க. போர்டுக்கு இதை விட என்ன வேணும்?"

"உங்களுக்கு போர்டைத் தெரியாது மிஸ். நின்னுச்சுன்னு நீங்க சொன்னா, அதுவரைக்கும் இருந்துச்சான்னுதான் அவங்க கேப்பாங்க."

"கேட்டா நான் பதில் சொல்றேன். மறைச்சா அது நாளைக்கு உங்களுக்கே ஆபத்து. நானே நேர்ல வந்து பேசறேன், கவலைப்படாதீங்க."

"ஐயோ, வேண்டாம்னு சொல்றேன்ல!"

கத்திட்டேன். எத்தனையோ வருஷம் அடக்கி வச்ச கோபம், போயும் போயும் இந்தப் பொண்ணு மேல கொட்டிச்சு. அவங்க ஒரு அடி பின்னாடி போனாங்க. அட்டெண்டர் வந்து என் தோள்ல கை வச்சார். அன்னிக்குச் சாயங்காலம் எனக்கு ஒரு மாத்திரை கூடுச்சு.

போர்டு அன்னிக்கு அக்கா வந்திருந்தா. நல்ல புடவை கட்டி, தலையைப் படிய வாரி, பொறுப்பேத்துக்கிறேன்னு கையெழுத்துப் போடத் தயாரா என் பக்கத்து நாற்காலியில உக்காந்திருந்தா. அன்னிக்கே என்னைக் கூட்டிக்கிட்டுப் போயிடற மாதிரி ஒரு காலிப் பை வேற கொண்டு வந்திருந்தா. "உன் துணியெல்லாம் இதுல அடங்கும்ல?"ன்னு காதோரமா கேட்டா.

ஜட்ஜ் ஐயா நல்ல மூடுல இருந்தார். ரூமைப் பத்திக் கேட்டார், மாத்திரை யாரு கொடுப்பாங்கன்னு கேட்டார். அக்கா எல்லாத்துக்கும் டக் டக்குனு பதில் சொன்னா. சேவை அம்மா தலையாட்டினாங்க. அப்புறம் மிஸ்ஸைக் கூப்பிட்டாங்க.

மிஸ் என்னைப் பாத்துச் சிரிச்சுட்டுத்தான் ஆரம்பிச்சாங்க. நான் குழுவுக்கு வந்தப்ப எப்படி இருந்தேன், எப்படி எல்லாரோடயும் சேர்ந்தேன், எவ்வளவு அருமையா தட்டுவேன். அப்படியே வந்து அந்தப் புதன்கிழமையைச் சொன்னாங்க. ரொம்ப அழகா சொன்னாங்க. வேற யாரோட கதையா இருந்தா எனக்கே கண்ணு கலங்கியிருக்கும், அப்படிச் சொன்னாங்க. "இவர் இதை நம்பிக்கையோட என்கிட்ட சொன்னதே பெரிய முன்னேற்றம்"னு முடிச்சாங்க.

பெரிய டாக்டர்தான் முதல்ல வாயைத் திறந்தார். "அப்ப இத்தனை வருஷமா குரல் கேட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சா?"

நான் மேஜைக் காலைப் பாத்தேன்.

"ஒவ்வொரு வாரமும் நான் கேட்டேன். ஒவ்வொரு வாரமும் இல்லைன்னு சொன்ன."

"தொந்தரவு இல்லாத குரல் சார். சும்மா பேசிக்கிட்டு…"

ஜட்ஜ் ஐயா கண்ணாடியை இறக்கிட்டு என்னைப் பாத்தார். கோபமா இல்ல, அதான் கொடுமை. "உங்க அக்காவுக்காவது தெரியுமா?"

நான் அக்கா பக்கம் திரும்பல. திரும்ப முடியல. பக்கத்து நாற்காலியில அவ அந்தக் காலிப் பையைச் சரசரன்னு மடிக்கிற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

மிஸ் நடுவுல என்னமோ சொல்ல வந்தாங்க. "இல்ல சார், நான் சொல்ல வந்தது அது இல்ல, அவர் இப்ப…" சேவை அம்மா கையைக் காட்டி உக்காரச் சொன்னாங்க. மிஸ் முகம் பேயறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு. என்ன செஞ்சோம்னு அப்பத்தான் அவங்களுக்குப் புரிஞ்சிருக்கணும். எனக்கு அவங்க மேல கோபம் வரணும்னு பாத்தேன், வரல. கெட்டவங்களா இருந்தா திட்டலாம், நல்லவங்களை என்ன செய்ய முடியும்?

விடுதலை இல்ல. மருந்தை மாத்தணும், உண்மையைச் சொல்ற ஆளான்னு கவனிக்கணும், அப்புறம் பாக்கலாம். அப்புறம்னா எப்பன்னு யாரும் சொல்லல. அக்கா கிளம்பும்போது என் தலையைத் தொடுவா எப்பவும். அன்னிக்குத் தொடாமலே போயிட்டா.

புது மருந்து என்னைச் சாப்பிட்டுச்சு. தலையணை பூரா எச்சில். பகல்ல உக்காந்த இடத்துலயே தூக்கம். வயிறு பானை மாதிரி ஆச்சு. வாரா வாரம் ரத்தம் எடுத்தாங்க. கை நடுங்க ஆரம்பிச்சுது. புதன்கிழமை முரசை மடியில வச்சா, ரெண்டு கையும் ஒண்ணை ஒண்ணு பிடிக்க முடியாம தனித்தனியா போகுது. என் லிப்ட் ரெண்டாவது மாடி தாண்டல. மிஸ் பாத்துக்கிட்டே இருந்தாங்க. "மெதுவா, மெதுவா தட்டினா போதும்"னாங்க. குரல் உடைஞ்சு போச்சு அவங்களுக்கு. கடைசியில எப்படி இருந்துச்சுன்னு கேட்டாங்க. சித்தப்பா வாளியை நிமித்தி வச்சுட்டு ஒண்ணுமே சொல்லாம எழுந்து போனார். புரொஃபசர் கூட வாயைத் திறக்கல. கொஞ்ச வாரத்துல மிஸ் மட்டும் தனியா நாற்காலி வட்டத்துல உக்காந்திருந்தாங்க, அப்புறம் அவங்களும் வரல. பெண்கள் வார்டுக்கு மாத்திக்கிட்டுப் போயிட்டதா அட்டெண்டர் சொன்னார்.

இதுக்கு நடுவுல ஒரு காலையில கண் முழிச்சேன். செருப்பைத் தேடினேன். எடுத்துப் போட்டுக்கிட்டேன். பல் தேய்ச்சேன். பாதி நாள் போன பிறகுதான் கவனிச்சேன், அவன் இல்ல. மறுநாளும் இல்ல. ஒரு மாசம் காது கொடுத்துப் பாத்துக்கிட்டே இருந்தேன். அந்த மருந்து அவனைச் சுத்தமா துடைச்சுடுச்சு. ஆனா அந்தப் புதன்கிழமை மாதிரி சந்தோஷம் எதுவும் வரல. மருந்து அதையும் சேர்த்துத் துடைச்சுடுச்சு போல.

டாக்டர்கிட்ட ஓடிப் போய்ச் சொன்னேன். "சார், நிஜமாவே நின்னு போச்சு சார்."

"சரி, பாப்போம்," அப்படின்னார். நர்ஸ் அம்மாவைப் பாத்து லேசா சிரிச்சார்.

பரவாயில்ல, அக்கா நம்பினா போதும்னு நினைச்சேன். அக்கா வந்து ரூம் இன்னும் இருக்குன்னு சொல்லிட்டா, நான் இன்னும் எத்தனை வருஷம் வேணும்னாலும் டாக்டரோட மல்லுக்கட்டுவேன்.

ரொம்ப நாள் கழிச்சு அக்கா வந்தா. பார்வையாளர் ரூம்ல எனக்கு எதிர்ல நாற்காலி நுனியில உக்காந்தா. முழங்கால் வலின்னு சொன்னா, பஸ் கூட்டம்னு சொன்னா. இளைச்சுப் போயிருந்தா. கண்ணுக்குக் கீழ கறுப்பு. நான் எச்சிலைத் துடைச்சுக்கிட்டு ஒண்ணு விடாம சொன்னேன். இப்ப அவன் இல்ல. சத்தியமா இல்ல. நம்புக்கா.

அக்கா ரொம்ப நேரம் என் முகத்தையே பாத்தா.

"நீ சொல்றது நிஜமா கூட இருக்கலாம்டா," அப்படின்னா. "ஆனா அன்னிக்கெல்லாம் இதே முகத்தோடதானே இல்லைன்னு சொன்ன? எனக்கு வித்தியாசம் தெரியலையே. நான் என்னடா பண்ணுவேன்?"

அப்புறம் மடை திறந்த மாதிரி கொட்டினா. மாமா வீட்டுல பேசறதே இல்லையாம். பொண்ணு ராத்திரியில பின்பக்க ரூம் கதவு தாழ்ப்பாளைப் போய்ப் போய்ப் பாக்குதாம், அங்க யாருமே இல்லாதப்ப. "நீ சரியாயிட்டன்னா உன்னை இங்க விட்டுட்டு நான் நிம்மதியா சோறு திங்க முடியுமா? அப்பா போயாச்சு, எனக்கு நீ ஒருத்தன்தானே மிச்சம். சரியாகலைன்னா உன்னை எப்படி நான் அந்த வீட்டுக்குள்ள விடுவேன்? பொண்ணைப் பெத்தவடா நான். தூக்கமே இல்ல. மனசு கிடந்து அடிச்சுக்குது. எதுன்னு தெரிஞ்சா கூடப் போதும்டா எனக்கு, எதுன்னு தெரிஞ்சா போதும்."

அவ கை மேஜை மேல இருந்துச்சு. அந்தக் கையும் நடுங்குச்சு, மருந்து சாப்பிடாமலே. என்னால அவளுக்கு அப்பா போனார். இப்ப தூக்கமும் போகுது. உள்ள காது கொடுத்துப் பாத்தேன். ஒரு சத்தம் இல்ல. வெறும் ரூம்.

"அக்கா," அப்படின்னேன். "கேக்குதுக்கா."

"என்னடா?"

"இன்னும் கேக்குது. இப்ப கூட. நீ வருத்தப்படுவியேன்னுதான் மறைச்சேன். சரியாகலக்கா எனக்கு."

அவ உடனே நம்பிட்டா. ஒரு கேள்வி கேக்கல. முகம் அப்படியே தளர்ந்துச்சு, தோள் ரெண்டும் இறங்குச்சு. மூச்சை இழுத்து விட்டா. அழுதுக்கிட்டே ரெண்டு கையாலயும் என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "இப்பவாவது உண்மையைச் சொன்னியேடா ராஜா. இது போதும் எனக்கு. நீ இங்கயே இரு. இவங்க நல்லா பாத்துப்பாங்க. நான் வரேன், முடிஞ்சப்பெல்லாம் வந்து பாக்கறேன்."

என் தலையைத் தொட்டுட்டு எழுந்தா. வந்தப்ப இருந்த நடையே இல்ல, முழங்கால் வலிக்கிறவ மாதிரியே தெரியல. கண்ணாடி ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே இருந்தேன். வராந்தா திரும்பற இடத்துல நின்னா, முகத்தைத் துடைச்சுக்கிட்டா, பெரிய டாக்டர் ரூம் கதவைத் தட்டினா.